இருவர் சம்மதம்

அத்தியாயம் 11

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, சோற்றுக்கு முன்னால் ஜெபம் பண்ணி, கண்ணைத் திறந்த கையோடு டெனிஷ் சொன்ன வார்த்தை பிரீனாவின் காதில் இன்னும் அப்படியே கிடந்தது.

"அம்மா, இனி நான் பிரீனாவ எனக்க தங்கச்சியாத்தான் பாக்கப்போறேன். கர்த்தர்கிட்ட பொருத்தனை பண்ணியாச்சு."

மாமியார் சத்தியபாய் கையில் மீன்கறிக் கரண்டியோடு நின்றிருந்தாள். மகன் சொன்னது அவளுக்கு முழுசாய்ப் புரிந்ததோ இல்லையோ, கர்த்தர் என்ற சொல் காதில் விழுந்ததும் "ஸ்தோத்திரம்" என்றாள். பிறகு கறியை விளம்பினாள்.

அவ்வளவுதான். ஒன்பது வருஷம் பெண்டாட்டியாய் இருந்தவள் தங்கச்சி ஆவதற்கு அவ்வளவு நேரம்தான் பிடித்தது.

டெனிஷ் வெளி அறையில் படுக்க ஆரம்பித்துப் பல மாதம் ஆகிவிட்டது. உபவாசம் என்றான், விடியற்கால ஜெபம் என்றான், உன்னை எழுப்ப வேண்டாம் என்று பார்த்தேன் என்றான். எல்லாவற்றுக்கும் பிரீனா தலையாட்டினாள். ஆட்டாமல் என்ன செய்வாள்? அதற்கு முந்தின வருஷம் வரை அவன் இருந்த இருப்பு அப்படி. குழித்துறைச் சந்தையிலிருந்து வடசேரிக்கு வாழைக்குலை ஏற்றிப் போகிற டெம்போவைக் குடிபோதையில் ஓடைப் பாலத்தில் கொண்டு இடித்தவன் அவன். அன்றைக்கு ரத்தமும் சகதியுமாய் அவனைத் தூக்கி வந்து போட்டபோது சபையே இந்த வீட்டில் முழங்காலில் நின்றது. "இவனை மாத்தும் ஆண்டவரே" என்று அழுதவர்களில் எல்லாரையும்விடச் சத்தமாய் அழுதது பிரீனாதான்.

மாறினான். குடியை விட்டான், பீடியை விட்டான், கெட்ட வார்த்தையை விட்டான். கடைசியில் அவளையும் விட்டுவிட்டான்.

சனிக்கிழமை காலையில் டெனிஷ் லோடு ஏற்றிக்கொண்டு போன பிறகு, மாமியும் மருமகளும் அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்கள். மகள் பெமிலா லீவுக்குக் கொட்டாரம் ஊரிலுள்ள பிரீனாவின் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். பேசுவதற்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. ஆனால் எப்படி ஆரம்பிப்பது? கிழங்கைத் துண்டு போட்டுத் தண்ணீரில் எறிந்தபடியே பிரீனா ஒருவழியாய் வாயைத் திறந்தாள்.

"மாமி, அவரு ஞாயிற்றுக்கிழமை சொன்னது உங்களுக்கு மனசிலாச்சா?"

சத்தியபாய் கையிலிருந்த கத்தி ஒரு கணம் நின்றது. அப்படியானால் புரிந்திருக்கிறது.

"மக்கா, நான் ஒண்ணு கேக்கட்டா? அவன் இப்பம் குடிக்கானா?"

"இல்ல மாமி."

"உன்ன அடிக்கானா?"

"ஒருநாளும் அடிச்சது இல்லியே."

"பிள்ளையப் பாக்கானா, வீட்டப் பாக்கானா?"

"பாக்காரு."

"பின்ன என்னட்டி குற?"

குறை என்ன என்பதற்கு ஒரு சொல் இல்லாமலா இருக்கிறது? இருக்கிறது. அதை மாமியாரின் அடுக்களையில் உட்கார்ந்து உச்சரிக்கத்தான் முடியாது.

சத்தியபாயே தொடர்ந்தாள். இந்த முறை குரல் தாழ்ந்திருந்தது.

"உனக்க மாமன் குடிச்சுக் குடிச்சுச் சாவும்போ எனக்கு உனக்க வயசுதான். இவன் கைப்பிள்ளையா இருந்தான். நான் இருக்கல்லியா? ஒரு சொல்லு என்னப்பத்தி ஊருல உண்டா? கர்த்தர் பெலன் தருவாரு மக்கா. கேட்டா தருவாரு."

"மாமன் செத்துப்போனாரு மாமி. இவரு இருக்காருல்லா."

சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய சொல்லைச் சொல்லிவிட்டோம் என்று பிரீனாவுக்கு உறைத்தது. சத்தியபாய் எழுந்து அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். முதுகைக் காட்டியபடியே சொன்னாள்: "எளக்காத மக்கா. நல்லா இருக்கவனப் பிடிச்சு ஆட்டாத. ஒரு தடவ விழுந்தா இனி எழும்பமாட்டான்."

அந்தப் பயம் பிரீனாவுக்கும் இருந்தது. அதுதான் அவள் கையையும் காலையும் கட்டிப்போட்டிருந்தது. இருந்தாலும் பதினொரு மணிக்கு முகத்தைக் கழுவி, நல்ல சேலை ஒன்றைக் கட்டி, "சந்தைக்குப் போயிட்டு வாறேன் மாமி" என்று பொய் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

அவள் போனது ஏசுஅடிமையைப் பார்க்க.

குழித்துறையில் ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருப்பவர் ஏசுஅடிமை. வயது நாற்பத்தைந்து இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைக்கு மேலே ஒரு கூடம். வெள்ளிக்கிழமைதோறும் அங்கே குடியை விட்டவர்களும் விட முயல்கிறவர்களும் கூடி ஜெபிப்பார்கள். டெனிஷை மனிதனாக்கிய கூடம் என்று ஊரே சொல்லும். தன் புருஷனைத் தன்னிடமிருந்து பிரித்த கூடம் என்று பிரீனா மனசுக்குள் சொல்லிக்கொள்வாள். இந்த மனுஷன் பெண்டாட்டி வேண்டாம் என்று இருக்கிறார், என் மாப்பிள்ளையையும் அப்படியே ஆக்கிவிட்டார் என்று, பஸ்ஸில் போகிற வழியெல்லாம் சண்டைக்கு வார்த்தை சேர்த்துக்கொண்டு போனாள்.

கடையில் அவர் ஒரு பம்புசெட் மோட்டாரைப் பிரித்துவைத்துச் செம்புக் கம்பியை வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"வா தங்கச்சி, இரு. டெனிஷ் பிரதர் சுகமா இருக்காரா? ரெண்டு மூணு வெள்ளிக்கிழமையா ஆளக் காணல்லியே."

பிரீனா திடுக்கிட்டாள். வெள்ளிக்கிழமை தவறாமல் அவன் ஜெபத்துக்கு என்றுதானே போகிறான்!

"இங்க வரல்லியா?"

"இல்லியே."

சேர்த்துவைத்த வார்த்தையெல்லாம் எங்கேயோ போய்விட்டது. உட்கார்ந்தாள். அவர் பால் விடாத கட்டன் சாயா ஒன்று வரவழைத்துக் கொடுத்தார். அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள். பாதிதான் சொன்னாள்.

"அவரு வெளி ரூம்லதான் அண்ணா படுக்காரு. ரொம்ப நாளாச்சு. இப்பம் என்னத் தங்கச்சிண்ணு சொல்லுகாரு."

ஏசுஅடிமை தலையைக் குனிந்துகொண்டார். காதுவரை சிவந்துபோயிற்று. ஒரு பெண் இப்படித் தன்னிடம் வந்து பேசுவது அவருக்கு எவ்வளவு சங்கடமோ, அவ்வளவு சங்கடம் அவளுக்கும். இரண்டு பேரும் மோட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் அவருக்கு அப்பிடிச் சொல்லிக் குடுக்கல்ல தங்கச்சி. கர்த்தர் சாட்சி."

"நீங்க கல்யாணம் கெட்டாம இருக்கியல்லா, அதப் பாத்துத்தானே?"

"நான் இருக்கது வேற. எனக்குச் சின்னதுலயே அந்த விருப்பம் இல்ல. நான் போராடிச் செயிக்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல. பவுல் அப்போஸ்தலனும் அதத்தான் சொல்லுகாரு. தன்னப்போல எல்லாரும் தனியா இருந்தா நல்லதுண்ணு எழுதிட்டு, உடனேயே, அவனவனுக்குக் கெடச்ச வரம் வேறவேறண்ணும் எழுதுகாரு. கெட்டினவனுக்குச் சொன்னது வேற. புருசனும் பெஞ்சாதியும் ஒருத்தரயொருத்தர் விட்டு இருக்கக்கூடாது. இருந்தா ரெண்டுபேரும் சம்மதிச்சு, ஜெபத்துக்காவ, கொஞ்ச காலம். பின்ன சேந்துரணும். அவ்வளவு தெளிவா இருக்கு."

"அத அவருகிட்ட சொல்லுவியளா?"

அவர் கம்பியின் நுனியை விரலால் தேய்த்தார்.

"சொல்லுகேன். ஆனா எனக்கும் பயம் உண்டு தங்கச்சி. இறுக்கிப் பிடிச்சதால எங்கிட்டருந்து போனவனுவ உண்டு. தளத்தி விட்டதால போனவனுவளும் உண்டு. எது எவனுக்குண்ணு எனக்கே தெரியல்ல."

குற்றம் சொல்ல வந்த ஒரே ஆளும் நல்லவராய்ப் போய்விட்டாரே என்று பிரீனாவுக்கு அழுகை வந்தது. பஸ்ஸில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வந்தாள்.

சொன்ன சொல் தவறாமல் அன்றைக்கே மூன்று மணிக்கு ஏசுஅடிமை வந்தார். டெனிஷ் அப்போதுதான் வடசேரியிலிருந்து வந்து முற்றத்தில் டெம்போவைக் கழுவிக்கொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் குழாயை அடைத்துவிட்டு, கையைத் துடைத்து, "பிரதர், வாங்க" என்றான். முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. பிரீனாவைத்தான் ஒரு பார்வை பார்த்தான். அதிலும் கோபம் இல்லை. கோபப்பட்டால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

முன்னறையில் உட்கார்ந்தார்கள். சத்தியபாய் வாசற்படியில் நின்றாள். பிரீனா அடுக்களைப் பக்கம் நழுவப் பார்த்தபோது டெனிஷே தடுத்தான்.

"நீயும் இரி. உனக்க காரியந்தானே."

ஏசுஅடிமை சுற்றி வளைக்கவில்லை. கடையில் சொன்னதையே சொன்னார். டெனிஷ் தலையாட்டிக்கொண்டே கேட்டான். முடிந்ததும் அமைதியாகக் கேட்டான்.

"அதே அதிகாரத்துலதானே பிரதர், காலம் குறுகினதுண்ணும் எழுதியிருக்கு. பெஞ்சாதி உள்ளவன் இல்லாதவன மாதிரி இருக்கணும்ணு."

"எழுதியிருக்கு. அதுக்கு முன்னால எழுதினதையும் சேத்துப் படிக்கணும் பிரதர். சில எடத்துல, இது கர்த்தருக்க கட்டளை இல்ல, எனக்க யோசனதாண்ணு பவுலே சொல்லுகாரு. நீங்க பாதியத்தான் பிடிச்சிருக்கிய. ஒருத்தரா எடுக்க முடியாத தீருமானத்த ஒருத்தரா எடுத்திருக்கிய. அவ சரீரத்து மேல உங்களுக்கு உள்ள அதிகாரம் உங்க சரீரத்து மேல அவளுக்கும் உண்டு."

சரீரம் என்ற சொல் அந்த அறையில் விழுந்ததும் சத்தியபாய் நெளிந்தாள். "எனக்க பொன்னு தம்பி, அவன விடுங்க. ஓடையில கெடந்தவன் இப்பந்தான் மனுசனா நடக்கான். இந்த வர்த்தமானம் எல்லாம் எதுக்கு இப்பம்?"

டெனிஷ் அம்மாவைப் பார்த்துக் கையமர்த்தினான். பிறகு எழுந்து நேரே பிரீனாவுக்கு முன்னால் வந்து நின்றான்.

"பிரதர் சொல்லுகது சரிதான். நான் உங்கிட்ட கேக்கல்ல. தப்பு எனக்க பேருல. இப்பம் கேக்குகேன். நாம ரெண்டுபேரும் அண்ணன் தங்கச்சி மாதிரி இருக்கதுக்கு உனக்கு சம்மதமா?"

கதவுக்கு வெளியே டெம்போவிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

பிரீனா மூன்று பேரையும் பார்த்தாள். சம்மதம் என்று சொன்னால் இந்த வீடு நிம்மதியாகிவிடும். மாமி அவளைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவாள். சபையில் பரிசுத்தமான பிள்ளை என்று பெயர் எடுப்பாள். சம்மதம் இல்லை என்று சொன்னால்? எனக்கு என் மாப்பிள்ளை வேண்டும் என்று, மாமியாருக்கும் ஓர் அந்நிய ஆணுக்கும் நடுவில் நின்று, ஒரு பெண் சொல்வதாய் அர்த்தம். இதைக் கேட்பதற்கு இதைவிட மோசமான இடம் அவனுக்குக் கிடைத்திருக்காது. ஆனால் அவன் அவமானப்படுத்தக் கேட்கவில்லை. நேர்மையாகத்தான் கேட்டான். அதுதான் கொடுமை.

"சம்மதம் இல்ல."

சொல் அவளுடைய வாயிலிருந்து வந்ததா என்று அவளுக்கே சந்தேகமாயிருந்தது.

"அய்யோ!" என்று சத்தியபாய் தலையில் கைவைத்தாள். "ஒரு பிள்ளையப் பெத்தாச்சு. இன்னும் என்னட்டி வேணும் உனக்கு?"

பிரீனாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. தரை பிளந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது. ஏசுஅடிமை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டெனிஷ் மட்டும் நிதானமாக இருந்தான். "சரி. அப்பம் நான் கீழ்ப்படியணும்" என்றான்.

ஏசுஅடிமை ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். போகும்போது பிரீனாவிடம், "தங்கச்சி, பொறுமையா" என்று ஏதோ சொல்ல வந்து, முடிக்காமல் பைக்கை எடுத்தார்.

சொன்னபடியே டெனிஷ் கீழ்ப்படிந்தான். வெளி அறையிலிருந்து தன் பாயையும் தலையணையையும் தானே சுருட்டிக்கொண்டு வந்து உள்ளறையில் வைத்தான். குளித்தான். இருட்டு விழுவதற்கு முன்னாலேயே வந்து கட்டில் ஓரத்தில், ஆஸ்பத்திரி பெஞ்சில் முறைக்குக் காத்திருப்பவனைப்போல் உட்கார்ந்தான். விளக்கைப் போட வந்த பிரீனா கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

கண்ணை மூடியிருந்தான். உதடு அசைந்தது. ஜெபம்.

"இஞ்ச பாருங்க."

"சொல்லு."

"வெள்ளிக்கிழமை எங்க போறிய?"

"வேற ஒரு எடத்துல கூடுகோம். பின்ன சொல்லுகேன்."

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவனுடைய சோப்பு வாசனை அவளுக்கு இவ்வளவு அருகில் வந்தது. மெல்லக் கையை எடுத்து அவன் கைமேல் வைத்தாள். அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஊசி போடும்போது நாம் கையை நீட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்ப்போமே, அப்படி இருந்தான். கை நடுங்கியது. குடியை விட்ட முதல் வாரத்தில் சாயா டம்ளரைப் பிடிக்க முடியாமல் நடுங்கிய அதே நடுக்கம்.

"எனக்கு நீங்க கீழ்ப்படிய வேண்டாம்" என்றாள் பிரீனா.

"பின்ன என்ன வேணும்?"

"நீங்க வேணும்."

"இஞ்சதானே இருக்கேன்."



அவனே தொடர்ந்தான். கண்ணைத் திறக்காமலே பேசினான்.

"உனக்கு அது மனசிலாவாது பிரீனா. சங்கடம் வந்தா நான் குடிக்கமாட்டேன். சந்தோசம் வந்தாத்தான் குடிக்கத் தோணும். நல்ல மீன்கறி, ஒரு மழ, நீ பக்கத்துல வந்து இரிக்கது… எல்லாம் ஒரே கயிறு எனக்கு. ஒரு நுனியப் பிடிச்சா மத்த நுனி இழுக்கும். எனக்கு எனக்க மேல நம்பிக்கை இல்ல. அதனாலதான் எல்லாத்தையும் விட்டேன். உன்ன வெறுத்து இல்ல."

வெறுப்பு என்றால் சண்டை போட்டிருப்பாள். இன்னொருத்தி என்றால் அவள் வீட்டு வாசலில் போய் நின்றிருப்பாள். இவன் அவளைச் சந்தோஷம் என்று சொல்லிவிட்டு, அதனாலேயே வேண்டாம் என்கிறான். யாரிடம் போய் என்ன நியாயம் கேட்பது? வேதத்தைக் காட்டினால் வந்து உட்காருகிறான். வருகிறது உடம்பு மட்டும்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"எழும்பிப் போங்க" என்றாள். அழாமல் சொல்லவேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"நீயா சொல்லுகியா? சம்மதிச்சுத்தானா?"

"போங்க."

அவன் எழுந்தான். சட்டையை மாட்டினான். முற்றத்தில் டெம்போ கிளம்புகிற சத்தம் கேட்டது. அடுக்களையிலிருந்து ஓடிவந்த சத்தியபாய் கேட் வரைக்கும் போய்விட்டுத் திரும்பினாள்.

"எங்கட்டி போறான்? என்ன சொன்ன அவன்கிட்ட?"

பிரீனா அவனுக்குப் போன் போட்டாள். அவன் போன் கட்டிலிலேயே கிடந்து அடித்தது. ஏசுஅடிமைக்குப் போட்டாள். இங்கே வரவில்லையே என்றார். அவர் குரலிலும் பதற்றம் ஏறியது. நான் சந்தைப் பக்கம் பார்க்கிறேன் என்றார். சந்தைக்குப் பின்னால் என்ன கடை இருக்கிறது என்று மூன்று பேருக்கும் தெரியும். யாரும் அதைச் சொல்லவில்லை.

இரண்டு பெண்களும் வராந்தா விளக்கின் கீழ் உட்கார்ந்தார்கள். சத்தியபாய் சத்தமாய் ஜெபித்தாள். நடுநடுவே ஜெபத்தை நிறுத்திப் பிரீனாவைப் பார்த்தாள். வாயால் திட்டியிருந்தால் தாங்கிக்கொள்ளலாம். அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. பக்கத்து வீடுகளில் குடும்ப ஜெபப் பாட்டு ஆரம்பித்து, முடிந்து, ஓய்ந்தது.

சாப்பாட்டு நேரம் தாண்டியபோது டெம்போவின் வெளிச்சம் மதிலில் விழுந்தது.

சத்தியபாய்தான் முதலில் எழுந்து ஓடினாள். அவன் இறங்குவதற்குள் சட்டையைப் பிடித்து, முகத்தைத் தன் முகத்தோடு இழுத்து, மூக்கால் உறிஞ்சிப் பார்த்தாள். குடித்த காலத்தில் தினமும் செய்தது. ஒரு தடவை, இரண்டு தடவை. பிறகு மகனின் நெஞ்சில் சாய்ந்து, "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம், இல்ல, ஒண்ணும் இல்ல" என்று விம்மினாள்.

பிரீனா படியிலேயே நின்றாள். மாமி முகர்ந்து பார்த்த அந்த ஒரு நொடியில் தன் மனசு எதை எதிர்பார்த்தது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. வாசனை இருக்கவேண்டும் என்று எதிர்பார்த்தது. குடித்துவிட்டு வந்திருக்கவேண்டும், உளறவேண்டும், அவள் மடியில் தலையைப் போட்டு அழவேண்டும், அவள் வழக்கம்போல் எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுக்கவேண்டும். சீ, என்ன பெண் நான்? இதற்கா அத்தனை நாள் முழங்காலில் நின்றேன்?

டெனிஷ் அம்மாவை மெல்ல விலக்கிவிட்டு அவளிடம் வந்தான். முகம் தெளிவாக இருந்தது.

"பிரீனா, நான் வெள்ளிக்கிழமை போற எடத்துக்குத்தான் போனேன். அங்க கூடுகவங்களுக்கு மலையடிவாரத்துல ஒரு ஆசிரமம் உண்டு. கெட்டினவங்களும் வந்து இருக்காங்க. திங்கக்கிழமை காலத்த வரச்சொல்லுகாங்க. பிரதர் சொன்ன மாதிரித்தான். ஜெபத்துக்காவ, கொஞ்ச காலம்."

"எத்தன நாளு?"

"அது அங்க போனாத்தான் தெரியும். வீட்டுக்காரி சம்மதம் இல்லாம சேக்கமாட்டாங்களாம். நீ வந்து சொல்லணும்."

சொல்லிவிட்டு அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். எத்தனை மாதமாய் அவள் ஏங்கிய பார்வை அது. நேராக, கண்ணுக்குள், வேறு எங்கும் ஓடாமல். போக விடு என்று கேட்பதற்காக அந்தப் பார்வை அவளிடம் வந்திருக்கிறது.

பின்னாலிருந்து சத்தியபாயின் ஈரமான கை வந்து பிரீனாவின் தோளைப் பிடித்தது.

"சரிண்ணு சொல்லு மக்கா" என்றாள். "அவன் உயிரோட இருப்பான். சொல்லு."